ரிச்சி மெக்காவ்: கேப்டன் வேலையைக் கற்றது ரக்கிலா, கார்டிஃப் தோல்வியிலா?

ஓரக்கோடு எழுதியது:

முதலில் எண்களை வைத்துவிடுகிறேன், பிறகு சண்டை போடலாம். ரக்பியில் நியூசிலாந்துக்காக 148 டெஸ்ட் (நாடுகளுக்கு இடையிலான ஆட்டம்), அதில் 131 வெற்றி. கேப்டனாக 110 டெஸ்ட், 97 வெற்றி. 2011, 2015 என அடுத்தடுத்து இரண்டு உலகக் கோப்பை. அப்படி வென்ற முதல் கேப்டன் இவர்தான். 148ஐ 2020இல் வேல்ஸின் ஆலன் வின் ஜோன்ஸ் தாண்டினார், 2023இல் ஆல் பிளாக்ஸிலேயே, அதாவது நியூசிலாந்து அணியிலேயே, சாம் வைட்லாக் தாண்டினார். கேப்டனாக ஆடிய 110 மட்டும் அசையவில்லை.

ஆனால் இவர் மேடைப் பேச்சுக்காரர் இல்லை. மைதானத்தில் கையை ஆட்டிக் கத்தி ஆளை ஏற்றிவிடும் ரகமும் இல்லை. அப்படியானால் அந்தக் கேப்டன் வேலை எங்கிருந்து வந்தது? ஏழாம் நம்பராக ரக்கில் (விழுந்தவரின் பந்துக்காக இரு அணி ஆட்களும் முட்டிக்கொள்ளும் இடம்) படித்ததா, 2007 உலகக் கோப்பைக் காலிறுதியில் கார்டிஃபில் வாங்கிய அடியா? என் கட்சி கார்டிஃப். மற்றவர்கள் சொல்லுங்கள்.

---

எட்டாம்நம்பர் எழுதியது:

ரக் கட்சி நான். விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் "பந்தைத் திருடுவார்" என்று ஒரே வரியில் எல்லாரும் முடித்துவிடுகிறார்கள்.

ஓப்பன்சைடு ஃபிளாங்கர், அதாவது 7ஆம் நம்பர், ஸ்க்ரம்மிலிருந்து (இரு அணி முன்கள ஆட்களும் குனிந்து பிணைந்து தள்ளுவது) முதலில் கழன்று ஓடுபவர். எதிரணிக்காரர் டாக்கிள் வாங்கி, அதாவது பிடித்துச் சாய்க்கப்பட்டு, விழுந்ததும், அவர் அணித் துணை ஆட்கள் வந்து சேருவதற்கு ஓரிரு நொடி இடைவெளி இருக்கும். அந்த இடைவெளிதான் ஏழாம் நம்பரின் பிழைப்பு. வேலையின் வரிசை இது: டாக்கிள் போடு, பிடியை விடு (விட்டது நடுவர் கண்ணில் படவேண்டும்), எழுந்து காலில் நில், பந்தின் மேல் குனிந்து கையை வை, இடிக்க வருகிறவனைத் தாங்கு. ஜாக்கல் என்று சொல்வது இந்தக் கடைசி இரண்டையும்தான்.

கெடுவது எங்கே? ஒன்று, கை பந்தைத் தாண்டித் தரையில் ஊன்றிவிடும். சொந்தக் காலில் நிற்கவில்லை என்று நடுவர் ஊதிவிடுவார். இரண்டு, தோள் இடுப்புக்குக் கீழே போய்விடும். மூன்று, பக்கவாட்டில் நுழைவது. நான்கு, ரக் உருவான பிறகு கை வைப்பது. இதில் எதைச் செய்தாலும் எதிரணிக்குப் பெனால்டி, அதைக் கோல் கம்பங்களுக்கு நடுவே உதைத்து ஏற்றினால் 3 புள்ளி.

மெக்காவின் தனித்திறமை கை வேகம் மட்டும் இல்லை. எந்த ரக்கை விட்டுவிட வேண்டும் என்ற கணக்கு அவரிடம் இருந்தது. துணை ஆள் பக்கத்திலேயே வந்துவிட்டால் அந்த ரக்குக்குப் போகவே மாட்டார். தடுப்பு வரிசையில் நின்று அடுத்த டாக்கிளுக்குத் தயாராவார். பந்து வைத்திருப்பவர் தனியாக அகப்பட்ட ரக்கில் மட்டும் விழுவார். ஒரு ஆட்டத்தில் நூற்றுக்கு மேல் ரக் வரும். அத்தனையிலும் "போவதா, நிற்பதா" என்று தீர்மானித்துப் பழகியவருக்குக் கேப்டன் தீர்மானங்கள் புது வித்தையா என்ன?

---

கண்டிச்சாலை எழுதியது:

இலங்கையில் பள்ளிக்கூட ரக்பி பார்த்து வளர்ந்த ஆக்களுக்கு இந்த ஏழாம் நம்பர் கதை நல்லாத் தெரியும். ஆனா எட்டாம்நம்பர் அண்ணா ஒரு விசயத்தை மெல்லமாத் தாண்டிப் போயிட்டார். எதிரணி நாட்டுக்காரர் எல்லாரும் இவரைக் கள்ளன் எண்டுதானே சொன்னவை? எப்பவும் ஓஃப்சைட்டில, நிக்கக் கூடாத முன்பக்கத்தில, நிண்டு, தப்பான பக்கத்தால வந்து பந்தை எடுப்பார் எண்டு. அது உண்மையா, பொறாமையா?

---

எட்டாம்நம்பர் எழுதியது:

@கண்டிச்சாலை பாதி பாதி. அந்தக் காலத்து விதியையும் இன்றைய விதியையும் கலந்துவிட்டால் அவர் கள்ளனாகத்தான் தெரிவார்.

மெக்காவ் ஆடிய காலத்தில் டாக்கிள் போட்டவருக்கு ஒரு சலுகை இருந்தது. பிடியை விட்டு எழுந்து நின்றுவிட்டால், எந்தப் பக்கத்திலிருந்தும் பந்தை எடுக்கலாம். வாசல் வழியாக, அதாவது சொந்த அணிப் பக்கத்திலிருந்து நேராக வரவேண்டும் என்ற கட்டுப்பாடு மூன்றாவதாக வருகிறவருக்குத்தான். ஆகவே அவர் எதிரணிப் பக்கம் எழுந்து நின்று பந்தை எடுத்ததில் நிறைய சட்டப்படி சரி. பார்ப்பவர்களுக்குத் திருட்டாகத் தெரியும், அவ்வளவுதான். அந்தச் சலுகை பிற்பாடு போய்விட்டது. இன்று டாக்கிள் போட்டவரும் தன் பக்கத்துக்கு வந்துதான் பந்தைத் தொடமுடியும்.

2010இல் நடுவர்களுக்குக் கடுமையான உத்தரவு வந்தது: டாக்கிளில் பங்கெடுத்தவர் பந்தைத் தொடும் முன் பிடியைத் தெளிவாக விடவேண்டும். "மெக்காவ் கதை முடிந்தது" என்று நிறையப் பேர் எழுதினார்கள். அந்த ஆண்டும் உலகின் சிறந்த வீரர் விருது அவருக்கே போனது. 2006, 2009, 2010 என்று மூன்று தடவை. கையை உயர்த்தி "விட்டுவிட்டேன்" என்று காட்டிவிட்டு மறுபடி குனிகிற பழக்கத்தை அவ்வளவு சீக்கிரம் உடம்பில் ஏற்றிக்கொண்டார்.

மீதிப் பாதி? ஆம், விளிம்பில்தான் ஆடினார். முதல் கால் மணி நேரத்தில் நடுவர் எந்த இடத்தில் ஊதுகிறார் என்று பார்ப்பார். ஊதிய இடத்துக்கு அரை அடி முன்னால் மீதி ஆட்டம் முழுக்க நிற்பார்.

---

நடுமைதானம் எழுதியது:

அந்த அரை அடி சில நேரம் வழுக்கவும் செய்யும். 2015 உலகக் கோப்பை, வெம்ப்ளியில் அர்ஜென்டினா ஆட்டம். தரையில் கிடந்தபடி காலை நீட்டி எதிராளியை இடறிவிட்டு யெல்லோ கார்டு வாங்கி 10 நிமிடம் வெளியே உட்கார்ந்தார். அணி 26-16 என்று ஜெயித்ததால் பெரிய பேச்சில்லை. கேப்டன் வெளியே போனால் நடுவரிடம் பேச வேறு ஆள் வேண்டும், பெனால்டி வந்தால் தீர்மானிக்க வேறு ஆள் வேண்டும். கேப்டனே ஏழாம் நம்பராக இருப்பதன் விலை இது. அணியில் அதிகப் பெனால்டி கொடுக்க வாய்ப்புள்ள ஆளும், நடுவரிடம் நயமாகப் பேச வேண்டிய ஆளும் ஒரே ஆள்.

---

பழையபந்து எழுதியது:

வளர்ந்த கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிறப்பு 31 டிசம்பர் 1980, ஒமாரு. வளர்ந்தது தெற்குத் தீவில் குரோவ் ஊருக்கு அருகே ஹக்கடரமேயா பள்ளத்தாக்கில், பண்ணைக் குடும்பம். டனீடனில் ஒட்டாகோ ஆண்கள் பள்ளி, பிறகு லிங்கன் பல்கலைக்கழகம், கான்டர்பரி அணி, க்ருசேடர்ஸ். பதின்ம வயதில் மாமா ஒருவர், ஆல் பிளாக் ஆக எந்த ஆண்டில் எந்தப் படி என்று காகிதத்தில் எழுதவைத்தார். பட்டியலின் கடைசிப் படி, ஆல் பிளாக், 2004. அதோடு நிற்காமல் "மகத்தான ஆல் பிளாக்" என்று எழுதிக் கையெழுத்துப் போடு என்றாராம். பையனுக்குக் கூச்சம். ஆங்கிலத்தில் 'கிரேட் ஆல் பிளாக்' என்பதன் மூன்று எழுத்துச் சுருக்கமாக ஜி.ஏ.பி. என்று மட்டும் எழுதினான்.

இலக்கை மூன்று ஆண்டு முன்னதாகவே எட்டினார். 17 நவம்பர் 2001, டப்ளின், அயர்லாந்துக்கு எதிராக முதல் டெஸ்ட், ஆட்ட நாயகன். அதற்குமுன் நியூசிலாந்து, ஆஸ்திரேலிய, தென்னாப்பிரிக்க அணிகள் மோதும் சூப்பர் 12 போட்டியில் ஆடியது சில நிமிடங்கள்தான் என்பதால் தேர்வைப் பார்த்துக் கொதித்தவர்கள் உண்டு. முன்னாள் ஓப்பன்சைடு ஜாஷ் க்ரான்ஃபெல்ட் வெளிப்படையாகவே கிண்டலடித்தார்.

கேப்டனாக முதல் டெஸ்ட் 2004 இறுதியில் வேல்ஸுக்கு எதிராக, கார்டிஃபில், 26-25. முந்தைய கேப்டன் டானா உமாகா விலகிய பின் 2006இலிருந்து நிரந்தரக் கேப்டன்.

---

ஓரக்கோடு எழுதியது:

நன்றி பழையபந்து. இப்போது என் கட்சிக்கு வருகிறேன்.

6 அக்டோபர் 2007, அதே கார்டிஃப். உலகக் கோப்பைக் காலிறுதி, பிரான்ஸ். இடைவேளையில் நியூசிலாந்து 13-3 முன்னிலை. பிறகு லூக் மெக்காலிஸ்டருக்கு யெல்லோ கார்டு. டுசடுவாரின் ட்ரையோடு (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றுவது) 13-13. ரோட்னி சோயியாலோ ட்ரை போட்டு 18-13 ஆக்கினார், கன்வெர்ஷன் (ட்ரைக்குப் பின் கிடைக்கும் கூடுதல் உதை) தவறியது. 69ஆவது நிமிடத்தில் யானிக் ஜோசியோன் ட்ரை, கன்வெர்ஷனும் ஏறியது. 18-20. அந்த ட்ரைக்கு முன் மிஷாலாக்குக்குப் போன பாஸ் முன்னோக்கிப் போனது. நடுவர் வெய்ன் பார்ன்ஸ் அதைப் பார்க்கவில்லை. இரண்டாம் பாதியில் பிரான்ஸ் மீது ஒரு பெனால்டிகூட இல்லை. நியூசிலாந்தில் பார்ன்ஸ் பெயரைச் சொன்னால் இன்றும் முகம் சுளிப்பார்கள்.

நடுவர் கதையை ஓரமாக வையுங்கள். 11 நிமிடம் மீதி, 2 புள்ளி பின்தங்கல். ஒரு டிராப் கோலுக்கு, அதாவது ஓடும் ஆட்டத்தில் பந்தைத் தரையில் விட்டு எழும்போது கம்பங்களுக்கு நடுவே உதைத்தால், 3 புள்ளி. பந்து நியூசிலாந்து கையில், பெரும்பாலும் பிரான்ஸ் பக்கத்தில். என்ன செய்தார்கள்? ரக்கின் ஓரத்திலேயே எடுத்து எடுத்து முட்டினார்கள். ஒரு பெனால்டி வரும் என்று காத்திருந்தது போலத்தான் ஆட்டம் தெரிந்தது. கடைசியில் மெக்காலிஸ்டர் வெகு தூரத்திலிருந்து ஒரு டிராப் கோல் முயன்றார், போகவில்லை.

இதில் கேப்டனின் பங்கு எது? டான் கார்டர் காயத்தோடு வெளியே போயிருந்தார், மாற்றாக வந்த நிக் எவன்ஸும் காயம். டிராப் கோல் பழகிய இரண்டு ஆளும் மைதானத்தில் இல்லை. அந்த நிலையில் "இன்னும் மூன்று ரக், கம்பங்களுக்கு நேராக நடுவில் கொண்டுவா, பிறகு உதை" என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை.

---

நடுமைதானம் எழுதியது:

டிராப் கோல் ஏதோ திடீரென்று உதைத்துவிடுகிற விசயம் போல நினைக்கிறார்கள். அதற்கும் ஏற்பாடு வேண்டும். முன்கள ஆட்கள் இரண்டு மூன்று தடவை முட்டி ரக்கைக் கம்பங்களுக்கு நேரே கொண்டுவர வேண்டும். உதைப்பவர் ரக்கிலிருந்து 10, 12 மீட்டர் பின்னால் ஆழத்தில் நிற்கவேண்டும். கிட்ட நின்றால் பாய்ந்து வருகிறவன் கையிலேயே பந்து படும். ரக்கின் இரு ஓரத்திலும் தடுப்பாளர் சீக்கிரம் வெளியே வராதபடி ஆள் நிறுத்த வேண்டும். ஸ்க்ரம்-ஹாஃப் (ரக்கிலிருந்து பந்தை எடுத்துக் கொடுப்பவர்) தரையிலிருந்து ஒரே வீச்சில் நீளமாகப் போடவேண்டும். இதில் ஒன்று பிசகினாலும் போச்சு. வாரக்கணக்கில் பழகாத அணி, உலகக் கோப்பையின் கடைசி நிமிடத்தில், மூன்றாம் தேர்வு உதைப்பாளரை வைத்துச் செய்யமுடியாது. கேப்டன் தலையில் மட்டும் போடாதீர்கள், பயிற்சித் திட்டத்திலேயே ஓட்டை.

---

பழையபந்து எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் தோல்விக்குப் பிறகு நடந்தது முக்கியம். ஊரே தலை கேட்டது. ஆனால் பயிற்சியாளர் கிரஹாம் ஹென்றியை மாற்றவில்லை, கேப்டனையும் மாற்றவில்லை. தோற்றவர்களே அடுத்த நான்கு ஆண்டு அந்தத் தோல்வியை வைத்து வேலை செய்தார்கள்.

மனநல மருத்துவர் கெரி எவன்ஸோடு சேர்ந்து "சிவப்புத் தலை, நீலத் தலை" என்று ஒரு முறை கொண்டுவந்தார்கள். நெருக்கடியில் பதறி, முடிவு என்ன ஆகுமோ என்று தவிக்கிற நிலை சிவப்பு. இப்போது செய்யவேண்டியதை மட்டும் பார்க்கிற நிலை நீலம். ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாற மெக்காவ் வைத்திருந்த வழி ரொம்பச் சாதாரணம்: மூச்சை மெதுவாக விடுவது, பாதம் தரையில் படுவதை உணர்வது, கண்ணைத் தூக்கி ஆட்டத்துக்கு வெளியே, பார்வையாளர் மாடத்தை, ஒரு கணம் பார்ப்பது. பிறகு பேசுவது.

---

கண்டிச்சாலை எழுதியது:

ஓம், ஆனா இது கொஞ்சம் பெருப்பிச்சுச் சொல்லுற மாதிரிக் கிடக்கு. மூச்சு விட்டா உலகக் கோப்பை வருமா?

---

பழையபந்து எழுதியது:

@கண்டிச்சாலை வராது தம்பி. மூச்சு விட்டபின் சொல்ல ஏதாவது இருக்கவேண்டும், அதுதான் பாதி வேலை. "5 நிமிடம் இருக்கிறது, 2 புள்ளி பின்தங்கியிருக்கிறோம், பந்து நம்மிடம்" என்று ஒவ்வொரு நிலைக்கும் முன்கூட்டியே விடை வைத்திருந்தால்தான் அமைதி பயன்படும். மூத்த ஆட்கள் சேர்ந்த தலைமைக் குழு ஒன்றும் இருந்தது, பாரத்தைப் பகிர. ஆட்டத்துக்கு முந்தின நாள் கேப்டனே நடத்தும் பயிற்சி, 'கேப்டன்ஸ் ரன்', அந்த விடைகளை ஆட்கள் வாயிலிருந்தே கேட்டுச் சரிபார்க்கிற இடம்.

---

எட்டாம்நம்பர் எழுதியது:

அப்படியே 2011க்கு வந்துவிடுவோம். அந்தக் கோப்பையைப் பற்றிப் பேசும்போது பாதத்தை விட்டுவிடக் கூடாது.

ஆண்டுத் தொடக்கத்தில் வலது பாதத்தில், சுண்டுவிரலுக்குப் போகும் ஐந்தாவது எலும்பில் அழுத்த முறிவு. திருகு போட்டுப் பிடித்தார்கள். கோப்பை நடக்கும்போது மறுபடி வலி. ஜப்பான் ஆட்டத்திலும் கனடா ஆட்டத்திலும் உட்கார்ந்தார், இடையில் பிரான்ஸுக்கு எதிராக ஆடி 100 டெஸ்ட் எட்டிய முதல் ஆல் பிளாக் ஆனார். காலிறுதி, அரையிறுதி, இறுதி மூன்றும் முழுப் பயிற்சி இல்லாமலே. போட்டி முடிந்த பிறகுதான் வெளியே வந்தது, திருகுக்குப் பக்கத்தில் எலும்பு மறுபடி முறிந்திருந்தது என்று. நடுவில் ஸ்கேன் எடுக்க அவரே மறுத்தார். எடுத்தால் என்ன தெரியும் என்பது அவருக்குத் தெரியும்.

இதைத் தியாகம், வீரம் என்று கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஐந்தாவது பாதஎலும்புக்கு இரத்த ஓட்டம் குறைவு, ஒட்டுவதே மெதுவாக. முறிந்த எலும்பில் ஓடினால் திருகே வளையலாம், உடையலாம். இளம் ஆட்டக்காரர்கள் இதைப் பார்த்துப் பின்பற்ற வேண்டியதில்லை.

---

ஓரக்கோடு எழுதியது:

23 அக்டோபர் 2011, ஈடன் பார்க். மறுபடி பிரான்ஸ். கார்டர் தொடை இடுக்குக் காயத்தோடு ஏற்கெனவே போயாகிவிட்டது. காலின் ஸ்லேட் போயாகிவிட்டது. இறுதியாட்டத்திலேயே ஆரன் க்ரூடன் முழங்கால் மடங்கி வெளியே. நான்காவது 10ஆம் நம்பராக (ஆட்டத்தை நடத்தி உதைக்கிறவர்) ஸ்டீஃபன் டொனால்ட். 2007 போலவே உதைப்பாளர் பஞ்சம். இந்த முறை நான்காவது ஆளுக்கும் வேலை தெரிந்திருந்தது.

டோனி வுட்காக் லைன்அவுட்டிலிருந்து (பக்கக் கோட்டிலிருந்து பந்தை உள்ளே எறிந்து ஆடுவது) ட்ரை, 5-0. பிரி வீபு ஒரு கன்வெர்ஷனையும் இரண்டு பெனால்டியையும் தவறவிட்டிருந்தார். 46ஆவது நிமிடம் பெனால்டி வந்தபோது உதை டொனால்டிடம் போனது. 8-0. அடுத்த நிமிடமே டுசடுவார் ட்ரை, கன்வெர்ஷனோடு 8-7. அங்கிருந்து 33 நிமிடம் ஒரு புள்ளி வித்தியாசத்தில் தாங்கினார்கள்.

ஆட்டம் அழகாக இருந்ததா என்றால் இல்லை. ஆனால் கடைசி நிமிடங்களைப் பாருங்கள். பந்தை நெருக்கமாக வைத்து, பெனால்டி வாங்கி, ஆண்டி எல்லிஸ் கோட்டுக்கு வெளியே உதைத்து முடித்தார்கள். பதற்றம் இருந்தது. வேலை தெரியாத குழப்பம் இல்லை. கார்டிஃபின் 11 நிமிடத்துக்கு இது நேர் பதில் என்பதுதான் என் வாதம்.

---

நடுமைதானம் எழுதியது:

இன்னும் நல்ல சாட்சி இருக்கிறது: 24 நவம்பர் 2013, டப்ளின். அந்த ஆண்டு முதல் பாதியில் மெக்காவ் ஆறு மாதம் ரக்பியே வேண்டாம் என்று ஓய்வெடுத்திருந்தார், கீரன் ரீட் அணியை நடத்தினார். திரும்பி வந்து ஆண்டின் கடைசி ஆட்டம். அயர்லாந்து 19-0 என்று தொடங்கியது, இடைவேளையில் 22-7. கடைசிக் கட்டத்தில் 22-17. அயர்லாந்தின் செக்ஸ்டன் ஒரு பெனால்டியைத் தவறவிட்டார். அது ஏறியிருந்தால் கதை முடிந்தது.

அரை நிமிடம் மீதி இருக்கும்போது நியூசிலாந்துக்குப் பெனால்டி, சொந்தப் பாதியில். 5 புள்ளி பின்தங்கல், ஆகவே கோலுக்கு உதைப்பதில் பொருள் இல்லை. பந்தைக் காலால் தட்டி, கையில் எடுத்து ஓடினார்கள். ஒருவரும் அவசரப்பட்டு 50-50 பாஸ் போடவில்லை. வரிசையாக ரக், ரக், ரக். நேரம் தாண்டிய பின் இடது ஓரத்தில் ரையன் க்ராட்டி ட்ரை, 22-22. க்ரூடனின் கன்வெர்ஷன் தவறியது, ஐரிஷ்காரர்கள் முன்கூட்டியே ஓடிவந்ததால் நடுவர் நைஜல் ஓவன்ஸ் மறுபடி உதைக்கச் சொன்னார், ஏறியது. 24-22. அந்த ஆண்டு 14க்கு 14 வெற்றி.

---

கண்டிச்சாலை எழுதியது:

பெனால்டியை வெளியில உதைச்சு லைன்அவுட் எடுத்திருக்கலாம்தானே? இப்ப எல்லா அணியும் அதைத்தானே செய்யுது, நேரம் முடிஞ்ச பிறகும்?

---

எட்டாம்நம்பர் எழுதியது:

இப்ப செய்யலாம். நேரம் முடிந்தபின் கிடைத்த பெனால்டியை வெளியே உதைத்து லைன்அவுட் ஆடலாம் என்பது 2017 வாக்கில் வந்த மாற்றம். அதற்கு முன் 80 நிமிடம் தாண்டிவிட்டால் வெளியே உதைத்ததும் ஆட்டம் காலி. டப்ளினில் அரை நிமிடம் இருந்ததால் விதிப்படி தடை இல்லை, உண்மை. ஆனால் லைன்அவுட்டில் பந்தை இழந்தால் அடுத்த உதையோடு முடிந்துபோகும், எதிரணிக்கும் தடுப்பு வரிசையை ஒழுங்குபண்ண நேரம் கிடைக்கும். தட்டி ஓடினால் அவர்கள் 10 மீட்டர் பின்வாங்கிக்கொண்டே இருக்கும்போது முதல் முட்டல் நடந்துவிடும். களைத்த தடுப்புக்கு எதிராக அது மேல்.

இந்த இடத்தில் ஓரக்கோட்டிடம் அரைத் தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். 2007இல் இதே ஆள்தான் ரக் மன்னன், ஆனாலும் அணிக்கு வழி தெரியவில்லை. ஆக ரக் கணக்கு மட்டும் போதவில்லை.

---

ஓரக்கோடு எழுதியது:

அரைத் தோல்வியை அரையாகவே வாங்கிக்கொள்கிறேன். டப்ளினில் அத்தனை ரக்கிலும் பந்தைக் காப்பாற்றத் தெரிந்திருக்காவிட்டால் என் "தீர்மானம்" எல்லாம் காகிதத்தோடு போயிருக்கும்.

2015 பற்றி அதிகம் சொல்ல இல்லை. தென்னாப்பிரிக்காவுடன் அரையிறுதி 20-18, அதுதான் உண்மையான இறுதி என்பேன். இறுதியில் ஆஸ்திரேலியா 34-17, ட்விக்கன்ஹாம். மூன்று வாரத்தில் ஓய்வு அறிவிப்பு.

---

கண்டிச்சாலை எழுதியது:

தென்னாப்பிரிக்கக் கேப்டன் சியா கொலிசி 2019, 2023 உலகக் கோப்பை ரெண்டும் எடுத்திட்டார். அவரும் ஃபிளாங்கர். இவரோட ஒப்பிடலாமா?

---

நடுமைதானம் எழுதியது:

கோப்பை எண்ணிக்கையில் சமம், கேப்டன் வேலையின் வடிவம் வேறு. கொலிசி பெரும்பாலும் 80 நிமிடம் ஆடமாட்டார். தென்னாப்பிரிக்கப் பயிற்சியாளர் ராசி எராஸ்மஸ் முறையில் முன்கள ஆட்களை இரண்டாம் பாதியில் கூட்டமாக மாற்றுவார்கள். ஆகவே கடைசிப் பத்து நிமிடத் தீர்மானம் பல தடவை மைதானத்தில் உள்ள வேறு மூத்த ஆளிடம் போகும். மெக்காவ் கடைசி விசில் வரை உள்ளே நின்று தீர்மானித்தவர். எது மேல் என்று கேட்காதீர்கள், அணி கட்டும் முறையே வேறு.

---

பழையபந்து எழுதியது:

ஓய்வுக்குப் பின்: தாத்தா இரண்டாம் உலகப் போர் விமானி, பேரனுக்கும் அந்தக் கிறுக்கு. ஆடும் காலத்திலேயே கிளைடர் ஓட்டினார், பிறகு ஹெலிகாப்டர் உரிமம் எடுத்து கிரைஸ்ட்சர்ச்சில் அதையே தொழிலாக்கிக்கொண்டார். நவம்பர் 2016 கைக்கோரா நிலநடுக்கத்தில் சாலைகள் அறுந்தபோது அங்கே பறந்து உதவினார். சர் பட்டம் முன்பு தேடிவந்தபோது ஆடிக்கொண்டிருக்கிறேன், வேண்டாம் என்றார். 2016 புத்தாண்டுப் பட்டியலில் நாட்டின் மிக உயர்ந்த கௌரவமான ஆர்டர் ஆஃப் நியூசிலாந்து கிடைத்தது. உயிரோடு இருப்பவர்களில் 20 பேருக்கு மேல் சாதாரணமாக அதைத் தருவதில்லை.

விமானிகள் பறக்குமுன் சரிபார்ப்புப் பட்டியலை வாய்விட்டுப் படிப்பார்கள். எஞ்சின் நின்றால் முதலில் எந்தக் கை எதைத் தொடும் என்பதையும் தரையிலேயே முடிவு செய்துவிடுவார்கள். எட்டாம்நம்பரும் ஓரக்கோடும் இன்னும் சண்டையைத் தொடர விரும்பினால், இதையும் ஒரு மூன்றாம் கட்சியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

---

எட்டாம்நம்பர் எழுதியது:

சேர்த்தாச்சு. ஆனால் அவர் கிளைடர் பழகியது கார்டிஃபுக்கு முன்பா பின்பா என்று ஓரக்கோடு கேட்பதற்குள் நான் ஓடிவிடுகிறேன்.